கரூர் பாடி, பொள்ளாச்சி ரூட், சொந்த ரிவெட்: ஒரு பஸ் மோடை அடியிலிருந்து மறுபடி கட்டிய பதிவு

லாரி ஓட்டும் கணினி கேமான யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-க்காகக் கட்டிய பொள்ளாச்சி–கோவை தனியார் பஸ் மோடு (கேமில் நாமே கட்டிச் சேர்க்கும் பகுதி) இப்போது பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லாமல் ஏறி ஓடுகிறது. உள்ளே இருக்கும் மெஷ் (முப்பரிமாண வடிவம்), டெக்ஸ்சர் (அதன் மேல் ஒட்டும் படம்), ஒலி, எழுத்து எதுவும் இன்னொரு கேமிலிருந்தோ இன்னொருவர் மோடிலிருந்தோ வந்ததல்ல. இதன் பழைய வடிவத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பாடி சொந்தம், பெயின்ட் சொந்தம். டாஷ்போர்டு, ஹாரன், சீட் துணி எல்லாம் வந்த வழி தெரியாதவை. நம் ஊர் பஸ் மோடுகளில் நிறைய இந்த நிலையில்தான் இருக்கின்றன. புகார் வந்தால் டாஷ்போர்டை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஃபைல் மொத்தமாக இறக்கப்படும்; மாதக்கணக்கான பாடி வேலையும் அதோடு போகும். அதனால் இந்த முறை முப்பரிமாண வடிவம் கட்டும் மென்பொருளான பிளெண்டரைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்குத் தாள் போட்டோம்.

பழைய வண்டியைப் பிரித்தது

தாளில் ஐந்து பத்தி: பாகத்தின் பெயர், செய்தவர், மூலக்கோப்பு இருக்கும் இடம், எழுத்தில் அனுமதி உண்டா, கோப்பின் ஷா-256 எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்). கடைசிப் பத்தி எதற்கென்றால், ஒரே டெக்ஸ்சர் வேறொரு மோடிலும் பைட் மாறாமல் கிடந்தால் இந்த எண் அப்படியே ஒத்துப்போகும். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் 'செர்ட்யூட்டில்' கட்டளையே இதை எடுத்துத் தரும். தனி மென்பொருள் வேண்டாம்.

மூலம் தெரியாத மெஷ்ஷை அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. கையால் கட்டிய பாகத்தில் நாற்கோண முகங்கள் வரிசை பிடித்து ஓடும். கேமிலிருந்து உருவியதில் எல்லாமே முக்கோணமாக உடைந்திருக்கும். மெட்டீரியல் பெயர் யாருக்கும் புரியாத சுருக்கமாகவோ ஜெர்மன் சொல்லாகவோ இருக்கும். டெக்ஸ்சர், கேம்கள் படிக்கும் டி.டி.எஸ். பட வடிவில் மட்டும் இருக்கும். லேயர் பிரித்த ஜிம்ப் (படம் வரையும் மென்பொருள்) கோப்பு கூட வராது. மூன்றும் ஒன்றாகத் தென்பட்டால் உருவியது என்றே வைத்துக்கொண்டு தூக்கிவிடலாம். 'ஃப்ரீ பார்ட்ஸ்' என்று டெலிகிராமில் கைமாறி வரும் தொகுப்புகளில் இவைதான் அதிகம். அனுப்பியவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவரிடம் அனுமதி வாங்கியும் பயனில்லை.

பேஸ் கேமின் பாகங்கள் தனி விஷயம். ஒரு லாரியின் கண்ணாடியையோ விளக்கையோ நம் பஸ்ஸில் வைக்க அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து மோடுக்குள் போட வேண்டியதில்லை. வண்டியின் விவரங்களைக் கேமுக்குச் சொல்லும் டெஃப் கோப்பில் கேமின் சொந்தப் பாதையை எழுதினாலே கேம் தன் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். சுட்டிக்காட்டுவது வேறு, தூக்கி வருவது வேறு. காசு கொடுத்து வாங்கும் டி.எல்.சி. (கேமின் கூடுதல் தொகுப்பு) பாகத்தைத் தூக்கி மோடுக்குள் போட்டால், வாங்காதவருக்கும் அது இலவசமாகப் போய்ச் சேர்கிறது. எந்த நிறுவனமும் அதைப் பொறுத்துக்கொள்ளாது, பொறுக்க வேண்டியதும் இல்லை. சுட்டிக்காட்டுவதிலும் ஒரு தொல்லை உண்டு. அடுத்த அப்டேட்டில் அந்தப் பாதை மாறினால் நம் பஸ்ஸின் கண்ணாடி காணாமல் போகும். எனவே புது வண்டியில் சுட்டியும் கிடையாது.

எந்தக் கேமுக்குக் கட்டுவது

இது ரசனைக் கேள்வி மாதிரித் தெரியும். உண்மையில் உழைப்பைப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கணக்கு இதுதான்.

நம் பக்கத்தில் பலரும் பஸ் மோடு பழகியது ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸில். அந்த வரிசையின் வரலாற்றைப் பார்த்துவிட்டே அதை ஒதுக்கினோம். ஜி.டி.ஏ. கோப்புகளைத் திறக்க ஏறக்குறைய பத்தாண்டாகப் புழங்கிய கருவி ஓப்பன்-ஐவி. 2017 ஜூனில், ஜி.டி.ஏ.-வைச் செய்யும் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ வக்கீல் கடிதம் அனுப்பியது, கருவி நின்றது. கேம் விற்கும் தளமான ஸ்டீமில் ஜி.டி.ஏ. 5-க்கு எதிர்ப்பு விமர்சனங்கள் குவிந்தன. அதே மாதத்தில், ஒற்றை ஆட்டக்காரர் மோடுகள் மேல் பொதுவாக நடவடிக்கை எடுக்கப்படாது என்று ராக்ஸ்டார் அறிவித்தது, கருவியும் திரும்பி வந்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 2021 வந்தது. ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி இரண்டின் நிரலையும் தலைகீழாகப் பிரித்து எழுதிய ரீ3 திட்டம் பிப்ரவரியில், நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து இறக்கப்பட்டது. செய்தவர்கள் எதிர் அறிவிப்புக் கொடுத்து மீட்டார்கள். செப்டம்பரில் கலிபோர்னியாவில் வழக்கு விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய மூன்று ஜி.டி.ஏ.-க்களின் மறுபதிப்பு விற்பனைக்கு வந்தது. 2023 ஆகஸ்டில், ஆன்லைன் மோடு சர்வர்களுக்கான ஃபைவ்-எம்மை நடத்தும் குழு ராக்ஸ்டாருக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஆறு ஆண்டில் இத்தனை முகம். மோடு பற்றிய கொள்கை அறிக்கையைப் படிப்பதைவிட, அந்தக் கேமை மறுபடி பூசி விற்கும் எண்ணம் நிறுவனத்துக்கு உண்டா என்று பார்ப்பது பயனுள்ளது என்பது எங்கள் கணிப்பு.

நிறுவனங்களின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. 2005இல் சான் ஆண்ட்ரியாஸின் 'ஹாட் காபி' மோடு, வட்டில் பூட்டிக் கிடந்த ஆபாசப் பகுதியைத் திறந்துவிட்டது. அமெரிக்கத் தர வாரியம் அந்தக் கேமின் சான்றிதழையே 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று மாற்றியது. பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. அந்தப் பகுதியை வட்டில் விட்டுவைத்தது நிறுவனம்தான் என்றாலும், திறந்த சாவி மோடுக்காரருடையது.

யூரோ ட்ரக் 2-ஐச் செய்த எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் செக் நாட்டின் பிராகில் இருக்கிறது. கேம் வந்தது 2012இல். பிளெண்டர் கருவி, கன்வெர்ஷன் கருவி, ஒர்க்‌ஷாப் அப்லோடர், மோடு எழுதுபவர்களுக்கான விளக்கக் குறிப்புகள் எல்லாவற்றையும் அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். பூட்டை உடைக்க வேண்டிய வேலையே இல்லை. இந்த ஒன்றுக்காகவே இதை எடுத்தோம். இடப்பக்கச் சாலையும் வலப்பக்க ஸ்டீயரிங்கும் பிரிட்டன் வரைபடத்துக்காக ஏற்கெனவே உள்ளே இருப்பது கூடுதல் வசதி. மொபைலில் ஓடும் பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியாவும் மோடுக்குத் திறந்ததுதான். ஆனால் அதில் எடை, டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை), சஸ்பென்ஷன் இவ்வளவு நுணுக்கமாகக் கைக்கு வராது.

கருவி கொடுப்பதாலேயே வண்டி முழுக்க நம்முடையது ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ட்யூக் நியூகெம் 3டி-க்கு ரசிகர்கள் கட்டிய 300 லெவல்களைச் சி.டி.யில் போட்டு மைக்ரோ ஸ்டார் என்ற கம்பெனி விற்றது. அந்தக் கோப்புகளில் கேமின் படம் ஒன்றுகூட இல்லை. எதை எங்கே வைப்பது என்ற குறிப்பு மட்டும்தான். ஆனாலும் 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவை கேமிலிருந்து பிறந்த படைப்புகள் என்றே தீர்ப்பளித்தது. 2020இல் வார்கிராஃப்ட் 3 கேமின் மறுபதிப்போடு பிளிசார்ட் நிறுவனம் கொண்டுவந்த விதி, அதற்குள் கட்டும் தனி ஆட்டங்கள் பிளிசார்டின் சொத்து என்று நேராகவே சொன்னது. டோட்டா அந்தக் கேமின் மோடாகப் பிறந்து, பிறகு டோட்டா 2 என்ற பெயரில் வால்வ் நிறுவனத்தின் கைக்குப் போனதை மனதில் வைத்து எழுதிய விதி என்று படிக்கும் எவருக்கும் தோன்றும்.

ஆகவே இரண்டு கிடங்கு என்று பிரித்தோம். முதல் கிடங்கில் பிளெண்டர் மெஷ், லேயர் பிரித்த படங்கள், வேவ் ஒலிகள், அளவுத் தாள். இவற்றில் எந்தக் கேமின் பெயரும் கோப்பு வடிவமும் வரக்கூடாது. இரண்டாவது கிடங்கில் யூரோ ட்ரக்குக்கு மட்டும் உரிய டெஃப் கோப்புகள், லொக்கேட்டர்கள் (பாகங்கள் நிற்கும் இடக்குறிகள்), ஷேடர் பெயர்கள் (பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்பவை). நாளை இரண்டாவது முழுக்கப் பறிபோனாலும் முதல் கிடங்கிலிருந்து வேறொரு கேமுக்கு அதே பஸ்ஸைக் கட்டலாம். இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கோட்டைத் தாண்டாமல் வேலை செய்ததுதான் இந்த முறை வந்த வித்தியாசம்.

அளவெடுப்பு

கரூரில் பாடி கட்டும் பட்டறைகளில் வண்டி தகடு அடிப்பதற்கு முன் எலும்புக்கூடாக நிற்கும். அளவெடுக்க அதைவிட நல்ல சமயம் இல்லை. தகடு ஏறிவிட்டால் தூண் எங்கே நிற்கிறது என்று ஜன்னலை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். வாசலில் நின்று "அண்ணா, கேமுக்காக இந்த பஸ்ஸ வரையறோமுங்க, டேப் புடிச்சு அளந்துக்கலாமுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கேட்காமல் படம் எடுத்தால் டிசைன் திருட வந்தவர் என்று நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. அவர்களுக்கும் போட்டிப் பட்டறை உண்டு.

வேண்டியவை 30 மீட்டர் டேப், 5 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, சாக்பீஸ். தூக்குக்குண்டு எதற்கென்றால் முன் கண்ணாடியின் சாய்வை அளக்க: மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்தால் சாய்வு கிடைத்துவிடும். செல்ஃபோனில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து மெஷ் ஆக்கும் வழியை விட்டுவிடுங்கள். பாலிஷ் போட்ட அலுமினியமும் கண்ணாடியும் எதிரே நிற்பதைப் பிரதிபலிப்பதால் மென்பொருள் குழம்பி, தகடு முழுக்க மேடு பள்ளமாக வரும்.

எடுத்த சேசிஸ் அசோக் லேலண்ட் வைக்கிங், 222 இன்ச் வீல்பேஸ் (இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம்), அதாவது 5,639 மி.மீ. முன் தொங்கல் (முன் அச்சுக்கு முன்னால் நீளும் பகுதி) 2,000, பின் தொங்கல் 3,261, மொத்தம் 10,900 மி.மீ. மத்திய மோட்டார் வாகன விதி 93-இன்படி பின் தொங்கல் வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இங்கே 58-க்குக் கொஞ்சம் கீழே. இந்தச் சரிபார்ப்பு முக்கியம். ஃபோட்டோவைப் பார்த்து வரைந்த மோடுகளில் வால் நீண்டு தெரிவதற்குக் காரணம், பக்கவாட்டுப் படத்தை மூன்று நான்கு மீட்டரில் நின்று எடுத்திருப்பார்கள்; அப்போது எது லென்ஸுக்குப் பக்கமோ அது பெருத்துவிடும். 20 மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் பண்ணி, பஸ்ஸின் நடுவுக்கு நேராக எடுக்க வேண்டும். அகலம் 2,600-க்குள், உயரம் 3,800-க்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

மெஷ்ஷும் ரிவெட்டும்

பிளெண்டரில் ஒரு அலகு ஒரு மீட்டர். வீல்பேஸை முதலில் பூட்டிவிட்டு, இரண்டு அச்சுகளுக்கும் வெற்றுப் பொருள் (வடிவமில்லாத இடக்குறி) வைத்து, அதைச் சுற்றிப் பாடியைக் கட்டினால் பின்னால் எதையும் இழுத்து நீட்ட வேண்டியதில்லை.

சக்கரத்தில் பலரும் சறுக்குகிறார்கள். கேமில் இருக்கும் லாரி டயர் 315/80 ஆர் 22.5, விட்டம் 1,076 மி.மீ. வரும். நம் பஸ்ஸில் 10.00–20, அளந்ததில் 1,050 பக்கம் நின்றது. ஆரத்தில் 13 மி.மீ. வித்தியாசம்தானே என்று லாரிச் சக்கரத்தையே மாட்டினால், சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் இருட்டு இடைவெளி குறைந்து வண்டி பொம்மை மாதிரி ஆகிவிடும். சக்கரம் தனியாகக் கட்டினோம்: வளையம், லாக் ரிங், எட்டிப் பார்க்கும் ஹப் எல்லாம் சேர்த்து.

ரிவெட்டுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். கரூர் பாடிக்கு முகமே அதுதான். முதலில் பக்கவாட்டுத் தகடு முழுவதையும் ஒரே 2048 டெக்ஸ்சரில் விரித்து, மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் நார்மல் மேப்பில் ரிவெட் வரைந்தோம். 10,900 மி.மீ.யை 2048-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 5.3 மி.மீ. ரிவெட் தலை 10 மி.மீ.; இரண்டு பிக்சலில் வட்டம் வராது, அழுக்குப் புள்ளிதான் வரும். 4096-க்குப் போனால் நான்கு பிக்சல். கோப்பு நான்கு மடங்கு, பலன் அரைகுறை. இரண்டாவது, ரிவெட் வரிசையை மெல்லிய பட்டையாகச் செய்து தகட்டுக்கு மேல் 2 மி.மீ. மிதக்கவிட்டோம். பக்கத்தில் அழகாக இருந்தது. 30 மீட்டர் தள்ளிப் போனதும் இரண்டு முகமும் ஒன்றோடொன்று சண்டை போட்டு மினுங்கியது. கடைசியில் நின்றது இது: தகட்டு முகத்தையே ரிவெட் ஓடும் இடத்தில் 40 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, அந்தப் பட்டைக்கு மட்டும் 600 மி.மீ.க்கு ஒருமுறை திரும்பி வரும் 512 பிக்சல் டெக்ஸ்சர். பிக்சலுக்கு 1.17 மி.மீ.; ரிவெட் தலைக்கு எட்டுப் பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது, மினுங்கலும் இல்லை. ஒரே பட்டை இரண்டு பக்கத்துக்கும் கூரை விளிம்புக்கும் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் ஒரு ரிவெட் வேண்டுமென்றே விடுபட்டிருக்கிறது. யாராவது இந்த மெஷ்ஷை எடுத்துத் தன் பெயரில் விற்றால் அந்த ஓட்டையும் கூடவே போகும். எங்கே என்று எழுதமாட்டோம்.

உள்ளே மூன்று, இரண்டு என்று 55 சீட். ஒவ்வொன்றையும் தனி மெஷ்ஷாக வைக்காமல் வரிசையாக இணைத்தோம். ஆனால் ஒரு துண்டில் 65,536 புள்ளிக்கு மேல் போகக்கூடாது என்பதால் உட்புறம் மூன்று துண்டு. டாஷ்போர்டு முழுக்கக் கையால். மீட்டர் முகப்பை இங்க்ஸ்கேப்பில் வரைந்தோம், கம்பெனி முத்திரையை எங்கும் வைக்கவில்லை. அசல் லாரி நிறுவனங்களின் பெயரைப் போட எஸ்.சி.எஸ்.ஸே உரிமம் வாங்குகிறது; கேம் வந்த புதிதில் மெர்சிடிஸ் லாரி 'மெஜஸ்டிக்' என்ற பெயரில்தான் ஓடியது. அவர்களே கேட்டு வாங்குவதை நாம் கேட்காமல் ஒட்டக்கூடாது.

எழுத்து

ரூட் போர்டை பிளெண்டரின் எழுத்துப் பொருளில் அடித்தால் 'பொள்ளாச்சி' உடைந்து வரும்: ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையை பிளெண்டர் செய்வதில்லை. இங்க்ஸ்கேப்பில் அடித்து, பாதையாக மாற்றி, எஸ்.வி.ஜி.யாகச் சேமித்து உள்ளே கொண்டுவந்தால் சரியாக நிற்கும். எழுத்துருவுக்கு முக்த மலர், கேட்டமரான் இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. காசு கொடுத்து வாங்க வேண்டிய எழுத்துரு ஒன்று பழைய போர்டில் இருந்தது, எடுத்துவிட்டோம்.

போர்டு: பொள்ளாச்சி – கிணத்துக்கடவு – உக்கடம். பஸ்ஸின் பெயர் ஆழியாறு. ஓடும் கம்பெனி எதன் பெயரும் வேண்டாம் என்று வைத்தது. நம்பர் பிளேட் மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்து, டிஎன் 41, கடைசி நான்கு இலக்கம் 0000. அந்த எண் யாருக்கும் ஒதுக்கப்படாது. அசல் வண்டி எண்ணைப் போட்டால் அதன் உரிமையாளருக்குத் தேவையில்லாத வம்பு. பின் கண்ணாடியில் சாமி படம் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். காலண்டர் படத்துக்கும் வரைந்தவர் உண்டு. நாங்கள் வேலும் மயிலும் கோட்டோவியமாக வரைந்துகொண்டோம்.

டெஃப் கோப்புகள்

இங்கே விளக்க அதிகமில்லை, விழும் இடங்களை மட்டும் சொல்கிறோம். பெயரின் ஒவ்வொரு துண்டும் 12 எழுத்துக்குள், சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். 13-ஆவது எழுத்து வந்தால் கேம் அந்தக் கோப்பையே ஏற்காது. டீலர் கோப்பு இல்லாவிட்டால் பஸ் சரியாக இருந்தும் கடையில் தெரியாது. இன்ஜின் டார்க் எண்ணை லாரியிலிருந்து அப்படியே விட்டால் 2,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் இருக்கும். பஸ் உக்கடம் மேம்பாலத்தில் ராக்கெட் மாதிரி ஏறும். சேசிஸ் விற்பனைத் தாளில் உள்ள எண்ணையும் கியர் விகிதங்களையும் போட வேண்டும். பயணிகளைக் கேம் ஏற்றாது என்பதால் சேசிஸை இரண்டாக வைத்தோம்: காலி வண்டி ஒன்று, 55 சீட்டுக்கு ஆளுக்கு 65 கிலோ வீதம் 3,575 கிலோ கூடுதலாக ஏற்றியது இன்னொன்று. இரண்டாவதில் கிளப்பும்போதே வித்தியாசம் தெரியும்.

சோதிக்கும்போது மோடைப் பொதியாகக் கட்டாமல் வெறும் ஃபோல்டராகவே மோடு ஃபோல்டருக்குள் போடலாம். கான்ஃபிக் கோப்பில் டெவலப்பர், கன்சோல் இரண்டையும் 1 ஆக்கி, ஒவ்வொரு முறையும் கேம் லாக் கோப்பில் 'எரர்' என்று தேடிப் பார்த்து, மேலிருந்து முதல் பிழையை மட்டும் சரிசெய்ய வேண்டும். கீழே உள்ள இருபது பிழைகள் பெரும்பாலும் அந்த ஒன்றின் பிள்ளைகள்.

ஒலி

ஓடும் பஸ்ஸில் பதிவு செய்தால் பாட்டும் ஹாரனும் கண்டக்டர் விசிலும் கலந்துவிடும். நிறுத்திய வண்டியில், இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில், 600, 1,000, 1,400, 1,800, 2,200 ஆர்.பி.எம்.மில் தலா பத்து விநாடி. ஃபோனில் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்து, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ்வாக எடுக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஐந்து பதிவும் ஒரே சத்தத்தில் வந்து, ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் வண்டி சோம்பியே ஒலிக்கும். சைலன்சர் பக்கம் தனியாக இன்னொரு வரிசை. பிறகு ஆடாசிட்டியில் வளையமாக வெட்டி, கேம் ஒலிகளைக் கட்டும் எஃப்மாட் ஸ்டுடியோவில் ஆர்.பி.எம். கோட்டின் மேல் அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 150 ஆர்.பி.எம். அளவுக்குக் கலக்கவிட்டோம்.

எஃப்மாட் கட்டாயமானது 2020இல் வந்த 1.37 பதிப்பில். அன்றைக்குப் பழைய ஒலி முறையில் இருந்த மோடுகள் எல்லாம் ஊமையாயின. வேவ் மூலத்தை வைத்திருந்தவர்கள் மறுபடி கட்டினார்கள். இல்லாதவர்கள் அடுத்தவர் மோடிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். இன்று ஒரே இன்ஜின் சத்தம் பல பஸ்களில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2021இல் 1.40 பதிப்பில் வெளிச்ச முறை மாறியபோது கண்ணாடிகளுக்கு இதே கதி. நிறுவனம் யாருக்கும் கெடுதல் செய்ய நினைத்ததில்லை. தன் வண்டியைச் சீர்செய்தது. மூலக்கோப்பு கையில் இல்லாதவனுக்கு வக்கீல் கடிதமும் அப்டேட்டும் ஒரே அடிதான்.

சினிமாப் பாட்டை ஒலி வங்கிக்குள் போடவே வேண்டாம். கேமின் மியூசிக் ஃபோல்டரில் ஓட்டுபவர் தன் பாட்டைத் தானே போட்டுக்கொள்ளலாம். பல சுதி ஹாரனையும் விட்டுவிட்டோம். அது சாலையிலேயே விதி 119-இன்படி தடை. ஒற்றை ஏர் ஹாரன்தான் வைத்திருக்கிறோம்.

பொதி, உரிமம், வெளியீடு

செவன்-சிப்பில் சுருக்கமே இல்லாத 'ஸ்டோர்' முறையில் கட்டி, கோப்பின் வாலை எஸ்.சி.எஸ். என்று மாற்றினால் போதும். சுருக்கினால் கேம் ஏறும் நேரம் கூடும். மோடின் விவரம் எழுதும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒத்துப்போகும் பதிப்பைக் குறிப்பிடாமல் விட்டால் அப்டேட்டுக்குப் பிறகும் பழையது ஏறி, ஆட்டம் உடைந்து, திட்டு நமக்கு வரும். ஐகான் 276-க்கு 162 ஜே.பெக்.

உரிமத்தில் நிறுவனத்தைவிட நம் ஆட்களோடுதான் முதலில் பேச வேண்டும். 2014 செப்டம்பரில் மைன்கிராஃப்டின் பக்கிட் சர்வர் திட்டம் முடங்கியதற்குக் காரணம், அதற்கு நிரல் எழுதிக் கொடுத்த ஒருவரே பதிப்புரிமைப் புகார் கொடுத்தது. சீட் துணி வரைந்தவர், மீட்டர் முகப்பு வரைந்தவர், ஒலி எடுத்தவர் எல்லோரிடமும், எந்தப் பாகம், எந்த உரிமம், திரும்பப் பெற முடியாது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கினோம். வாட்ஸாப் செய்தியே போதும். ஸ்கிரீன்ஷாட் முதல் கிடங்கில் இருக்கிறது. பாகங்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் சொல்லி, விற்காமல், அதே உரிமத்தில் பகிரும் வகை.

மோடைப் பூட்டவில்லை. பூட்டினால் திருட்டு நிற்கும் என்பார்கள். நாங்கள் பார்த்தவரை பூட்டுக்குள்தான் உருவிய டாஷ்போர்டுகள் ஒளிந்திருக்கின்றன. 49, 99 ரூபாய்க்குக் கடவுச்சொல் விற்பதும் வேண்டாம். 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் கேமின் மோடுகளை ஸ்டீமிலேயே விற்க, ஸ்டீமை நடத்தும் வால்வும் ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டாவும் வழி திறந்தபோது, செய்தவருக்குக் கிடைத்த பங்கு 25 சதவீதம். நான்கு நாளில் எதிர்ப்பு தாங்காமல் மூடிவிட்டார்கள். அது நிறுவனத்தின் சம்மதத்தோடு நடந்த விற்பனை. சம்மதம் இல்லாமல் யு.பி.ஐ.யில் வாங்கும் 99 ரூபாய், அதுவரை கண்டுகொள்ளாத நிறுவனத்துக்கும் கடிதம் எழுத ஒரு காரணத்தைக் கொடுக்கும்.

செலவு: 30 மீட்டர் டேப் 350, மைக்குக்குக் காற்றுறை 250, ஒலிப்பதிவுக்கு வண்டியை ஓடவிட்ட டீசல் 500, பட்டறையிலும் ஸ்டாண்டிலும் டீ, பன் 200. மொத்தம் 1,300 ரூபாய். மென்பொருள் எல்லாம் இலவசம். எஃப்மாட் மட்டும் வருமானம் வரும் திட்டங்களுக்கு வேறு நிபந்தனை வைத்திருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை: டாஷ்போர்டைக் கடைசியில் கட்டாமல் முதலில் கட்ட வேண்டும், ஏனெனில் நேரம் குறையும்போது கை நீளும் இடம் அதுதான். ஒலியை மேடான சாலையில் சுமையோடும் எடுக்க வேண்டும். நின்ற வண்டியின் 1,800-க்கும் ஏறும் வண்டியின் 1,800-க்கும் உள்ள வித்தியாசம் இப்போது ஃபில்டரால் ஒப்பேற்றியது. மழைத் தார்ப்பாய் ஷட்டரைச் சுருட்டி விரிக்கும் அசைவாகச் செய்யவில்லை, மூடியபடி ஒரு வடிவம், திறந்தபடி ஒரு வடிவம் மட்டும் இருக்கிறது. கணக்குத் தாளில் ஆறாவதாக ஒரு பத்தியும் சேர்க்க வேண்டும்: அந்தப் பாகம் கடைசியாக எந்தக் கேம் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்று.